முகூர்த்தத்துக்கு ஒரு முகம்

நறுக்கி மீந்த பப்பாளியை மூடி ஃப்ரிட்ஜில் வைக்கிற அதே மெல்லிய பிளாஸ்டிக் தாளைத்தான் மனுஷ முகத்திலும் ஒட்டுவார்கள் என்று சியாமளா நினைத்திருக்கவில்லை. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் வாய்க்கும் வழி விட்டு, மிச்ச இடமெல்லாம் வெள்ளையாக க்ரீமை அப்பி, தாளை அதன்மேல் நீவி ஒட்டிவிட்டு, பிலோமினா சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டாள். "உதட்டு மேலயும் நல்லா போட்டிருக்கேன் மேடம், பல்லுக்கு மேல மெஷின் வரும்போது சுருக்குனு இருக்கும். முக்கால் மணி நேரம் இப்படியே சாஞ்சிருங்க. பேசாதீங்க, சிரிக்காதீங்க." சிரிக்க என்ன இருக்கிறது இங்கே என்று கேட்க வாயெடுத்தாள், தாள் உதட்டோரத்தில் இழுத்தது, விட்டுவிட்டாள். கதவு மூடிக்கொண்டது. தில்லைநகரில் கீழே செல்போன் கடை, மேலே தோல் டாக்டர். கடை வாசல் ஒலிபெருக்கியில் ஒருவன் பழைய போனைக் கொடுத்துப் புதிய போனை வாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தான், பழசைக் கொடுங்க, பழசைக் கொடுங்க என்று, அலுப்பில்லாமல். பழசைக் கொடுக்கத்தானே வந்திருக்கிறாள் அவளும். நெற்றியில் முதலில் குளிர்ந்தது. பிறகு எறும்பு ஊர்வதைப் போல ஒன்று. எறும்பு நின்ற இடத்தில் எதுவுமில்லை, அங்கே தன்னுடைய நெற்றி இருந்தது என்று மனசுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். கையைத் தூக்கித் தொட்டுப் பார்க்கலாமா? தொட்டால் விரலுக்குத் தெரியும், நெற்றிக்குத் தெரியாது. இப்படித்தான் இருந்திருக்குமோ அக்கா கோமளாவுக்கும், அந்த வலது பக்கம், கடைசி மாதத்தில். இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது. டாக்டர் சொன்னதை நினைக்கலாம். அது கணக்கு. கணக்கில் பயமில்லை.

டாக்டர் சுபத்ராவுக்கு இவளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம், அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதுதானே அவள் தொழில். போன வாரம் வந்தபோது முதல் கேள்வியே "கல்யாணம் என்னிக்கு?" என்றுதான் கேட்டாள். யாருக்கு என்று கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி தனியாக இந்தப் படியேறி வந்தால் எங்கேயோ ஒரு கல்யாணம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தை மாதம் என்றதும் விரலை மடக்கினாள். "ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நல்ல நேரத்துக்கு வந்திருக்கீங்க. மெஷினை இப்பவே பண்ணிடணும். தோலுக்கு அடியில சூடு குடுக்கறோம், அவ்வளவுதான். அந்தச் சூட்டுக்கு உள்ளே புதுசா நார் கட்டி இறுகி வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் எடுக்கும். மறுநாளே கண்ணாடியைப் பார்த்துட்டு என்னைத் திட்டாதீங்க. நெத்திக்கும் கண்ணோரத்துக்கும் ஊசி, அங்கே தசை அசையாம நின்னு மடிப்பு விழாது. அது வேற கணக்கு. பத்துப் பதினஞ்சு நாள்ல புடிச்சுக்கும், மூணு நாலு மாசத்துல விட்டுடும். அதை மார்கழி பொறந்ததும் போட்டுக்கலாம்." இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் என்ன என்று கேட்டாள் சியாமளா, இரண்டு தடவை தைரியம் வருமா என்ற சந்தேகத்தில். "சில பேருக்குப் பண்றதுதான், முதல்ல மெஷின், அப்புறம் ஊசின்னு. உங்களுக்கு முதல் தடவை. வீக்கம் வத்தி முகம் எங்கே நிக்குதுன்னு பார்த்துட்டு ஊசியைத் தொடுவோம். அப்புறம், எப்பவாவது ஒருத்தருக்கு ஒரு பக்கம் புருவமோ இமையோ கொஞ்சம் இறங்கிக்கும். தானா சரியாகிடும், ஆனா வாரக்கணக்குல ஆகும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போட்டுட்டு ஒத்தைக் கண்ணு சொக்கிப்போய் மேடையில நிக்க முடியுமா?" ஜாதகம் பார்க்கிற மாதிரியேதான் இருந்தது, முன்னுக்கு எது பின்னுக்கு எது, இது இதோடு சேரும் சேராது என்று. மெல்போர்னில் அலுவலகத்துத் தோழிகள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் செய்துகொண்டு வருவார்கள், ஆங்கிலத்தில் அது தோலை இறுக்குவது, வெறும் தோல் சமாசாரம். தமிழில் இறுகிய முகம் என்றால் கோபக்காரி, பேச்சுவார்த்தை இல்லாதவள். கீழே ஒலிபெருக்கிக்காரன் இன்னும் பழசைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கன்னமும் போய்விட்டது இப்போது. காது மட்டும் இருக்கிறது.

அன்றைக்கு அப்புறம் டாக்டர் எழுந்து பின்னால் வந்து நின்றாள். இதை நினைக்க வேண்டாம் என்றுதான் கணக்கை நினைத்தாள், கணக்கு அங்கேயே கொண்டுவந்து விட்டுவிட்டது. பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையையும் இவள் தாடையில் வைத்து, மாவை வழிக்கிற மாதிரி காதுப் பக்கமாக லேசாக மேலே தூக்கி, "இந்த அளவுக்குப் பேராசைப்படாதீங்க, இதுல பாதி வரும்" என்று கண்ணாடியைக் காட்டினாள். கண்ணாடியில் கோமளா இருந்தாள். சந்தேகமே இல்லை. ஜுரமும் ஆஸ்பத்திரியும் தெரியாத கோமளா, மகள் சம்யுவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வாசலில் நின்று கையாட்டுகிற கோமளா, "என்னடி முழிக்கறே" என்று இப்போது கேட்டுவிடுவாள் போல. டாக்டர் கையை எடுத்ததும் போய்விட்டாள். தாடை பழைய இடத்துக்கு இறங்கி வந்தது. அந்த இடத்தில் சியாமளா எழுந்து வந்திருக்க வேண்டும். வந்த காரியமே கோமளாவின் சாயல் இல்லாத ஒரு முகத்துக்காக. ரெட்டையாய்ப் பிறந்த பாவத்துக்கு முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற அவளைக் கொஞ்சம் கரைத்து எடுத்துவிட. சுருக்கம் போனால் சாயலும் போகும் என்று நினைத்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம். செத்துப்போன கோமளாவை அழித்தால் கீழேயிருந்து உயிரோடிருந்த கோமளா வருகிறாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் எழுந்து வரவில்லை. "மெஷின் எந்த நாள் வெச்சுக்கலாம்?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள்? பெண்ணுக்காக என்று ஏறி வந்தவள், இறங்கும்போது யாருக்காக இறங்கினாள்? இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பாதிதான் வரும் என்றாள் டாக்டர். பாதி கோமளா போதும். காலையில் பல் தேய்க்கும்போது, முகம் கழுவும்போது, யாருக்கும் தெரியாமல்.

பெண்ணுக்காகத்தான். அதை விடக் கூடாது. நிச்சயதார்த்தத்தன்று சம்யுவின் அப்பா பாஸ்கரன் மாமா அக்காவின் பச்சைப் பட்டை எடுத்துக் கொடுத்து, "இதைக் கட்டிக்கம்மா, தட்டு மாத்தும்போது அவளே வந்த மாதிரி இருக்கும்" என்றார். மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மனைவி போனவர் தனியாக உட்கார்ந்து தாரை வார்க்கக் கூடாது, தம்பதியாகத்தான் உட்கார வேண்டும், அதனால் கல்யாணத்தில் சியாமளாவும் அவள் கணவர் தயாளனும் உட்காருவது என்று அப்போதே பேசி முடிவாகியிருந்தது. மெல்போர்னில் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு இவள் மட்டும் முன்னால் வந்ததே இந்தப் பெண்ணுக்காக, அம்மா இல்லாத வீட்டில் யாராவது ஒருத்தி வேண்டும் என்று. தயாளன் தைக்கு வருவார். சம்யுக்தா அலங்காரம் முடிந்து அறை வாசலுக்கு வந்தாள், மேடையில் பச்சைப் பட்டில் நிற்கிற சித்தியைப் பார்த்தாள், பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். மாப்பிள்ளை வீட்டுக் கரூர்க்காரர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லையோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடைக்கு வந்து உட்கார்ந்தும் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கவில்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பேயைப் பார்க்கிற மாதிரி. போட்டோக்காரன் "கொஞ்சம் சிரிங்க சிஸ்டர்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். நாலு நாள் கழித்து, சியாமளா தனியாகத் தங்கியிருந்த மாடி வீட்டுக்கு ஸ்கூட்டியில் வந்தாள். கீழே கேட்டருகிலேயே நின்று, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "சித்தி, தப்பா எடுத்துக்காதீங்க. தாரை வார்க்கறதுக்குப் புதுக்கோட்டைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டும். நீங்க பந்தியைப் பார்த்துக்கோங்க." ஏன்டா என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டாள். "மேடையில உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியாது சித்தி." ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்ததால் அவள் முகம் தெரியவில்லை, இவள் முகம்தான் அதில் வளைந்து தெரிந்தது, பெரிய மூக்கோடு. "சரிடா, பெரியம்மாகிட்ட பந்தியை விட்டா ரசம் வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும், நானே பார்த்துக்கறேன்" என்று சிரித்தாள் சியாமளா. சிரித்த சிரிப்பு மாடி ஏறுகிற வரைக்கும் தாங்கியது. சம்யு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவளாகப் போன் பண்ணவேயில்லை.

யாரைக் குற்றம் சொல்ல. கோமளாவின் தலைக்குள் கட்டி என்று தெரிந்ததிலிருந்து முடிகிற வரைக்கும் அந்தப் பெண்தான் பக்கத்தில் இருந்தாள். மருந்தில் முகம் ஊதியது, பிறகு வற்றியது, வலது பக்கம் தொங்கிப்போயிற்று, கன்னம் தலைகாணிமேல் வழிந்த மாதிரி கிடந்தது. சியாமளா விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது கட்டிலில் தன்னைத்தான் பார்த்தாள், தனக்கு அப்படி ஆகியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சின்ன வயதில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு ரசம் போன கண்ணாடி, அப்பா சவரம் பண்ணுகிற கண்ணாடி, ஆணியில் உயரத்தில் தொங்கும், அதற்கு இவர்கள் இருவரும் சண்டை போட்டதே கிடையாது, எதிரே அவள் இருந்தாள், போதும். கட்டிலில் இருந்த கோமளாவுக்கும் அதே ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேச்சு நன்றாக இருந்த நாள் அது, மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். "எனக்கு வயசாகற வேலை மிச்சம்டி இனிமே. நீ மட்டும் கிழவியாகு." சும்மா இரு என்றாள் இவள். "நெஜமாத்தான் சொல்றேன். நல்லா, தாராளமா கிழவியாகு. டை அடிக்காதே. அறுபதுல நான் எப்படி இருந்திருப்பேன்னு சம்யுவுக்கு உன்னைப் பார்த்துத்தான் தெரியணும். வேற எங்கே போய்ப் பார்ப்பா அவ?" இதைத்தான் இத்தனை நேரம் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். க்ரீமைச் சுற்றி, டாக்டரைச் சுற்றி, ஹெல்மெட்டைச் சுற்றி. இந்தக் கோடுகள் தனக்கு மட்டும் விழுந்தவை இல்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து விழுகின்றன, ஒருத்தி வாங்கி வைத்துக்கொள்கிறாள். அடுத்தவளின் பங்கையும் சேர்த்துத் துடைத்துப் போட இவளுக்கு யார் உரிமை கொடுத்தார்கள். ஆனால் எந்தப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று வாங்கி வைத்தாளோ அந்தப் பெண்ணே பார்க்க முடியாது என்கிறாள். பார்க்க முடியாதவளுக்கு எப்படிக் காட்டுவது? கோமளா, நீயே சொல்லு. நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கன்னம் இருந்தால்தானே தெரியும். கழுத்துக்கு வந்ததும் சூடாகத் தெரிந்தது.

தொடைக்கடியில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தால் சம்யு. பேசாதீங்க என்று சிஸ்டர் சொன்னது ஞாபகம் வருவதற்குள் விரல் அழுத்திவிட்டது, இத்தனை நாள் கழித்து வருகிற அழைப்பு, தவறினால் மறுபடி வருமா. "சித்தி, வாழையிலைக்காரர் நம்பர் உங்ககிட்டதானே இருக்கு? அப்பா தேடறார்" என்றாள் அந்தப் பக்கம், அவசரமாக, வேறு யாரிடமோ பேசுகிற குரலில். இருக்குடா, அனுப்பறேன் என்றுதான் சியாமளா சொன்னாள். சொன்னது சொன்னபடி வரவில்லை. மேலுதடு எங்கே இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியவில்லை, தாள் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தது, வார்த்தைகள் குழைந்து, எச்சிலில் நனைந்து, ஒரு பக்கமாகச் சரிந்து வெளியே வந்தன. "சம்யு?" என்றாள், அதுவும் குழைந்தது. "சித்தி." குரல் மிகவும் தணிந்திருந்தது. என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. "எப்பலேருந்து இப்படி இருக்கு? காலையில எழுந்திருக்கும்போதே இருந்துச்சா? கையைத் தூக்குங்க. ரெண்டு கையும் ஒண்ணா வருதா? எங்கே இருக்கீங்க, உட்காருங்க முதல்ல, நிக்காதீங்க." இருபத்துநாலு வயதுப் பெண், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கேட்கிற கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டாள். இல்லடா, இது க்ரீம், மரத்துப்போற க்ரீம் என்று சியாமளா அவசரமாகச் சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகக் குழைந்தது. பெண் கேட்கிற நிலையில் இல்லை. "எனக்குத் தெரியும். நிச்சயத்தன்னிக்கே எனக்குச் சந்தேகம். போட்டோவுக்கு நீங்க சிரிக்கும்போது ஒரு பக்கம் லேசா... நான் அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன் சித்தி, கோணுதா, கோணலியான்னு. எல்லாரும் என்னைச் சிரி சிரின்னாங்க. அம்மாவுக்கும் நான்தானே முதல்ல பார்த்தேன்? டிவி பார்த்துச் சிரிச்சாங்க, ஒரு பக்கம்தான் சிரிச்சுது. சொன்னேன், யாரும் நம்பல. ரெட்டைங்க நீங்க, உங்களுக்கும் வந்தா நான் மறுபடி... மேடையில மூணு மணி நேரம் உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு என்னால முடியாது சித்தி, அதான் சொன்னேன் அன்னிக்கே."

அதுவா. பேயைப் பார்த்ததில்லை அது. செத்தவளைப் பார்த்ததில்லை. அடுத்துச் சாகப்போகிறவளைத் தேடினாள். சியாமளாவுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது, அங்கே எந்தக் க்ரீமும் போட்டிருக்கவில்லை. அதெல்லாம் ரெட்டைக்கு ரெட்டை வருகிற வியாதி இல்லை என்று கோமளாவின் ஆஸ்பத்திரி டாக்டர் அன்றே சொல்லியிருந்தார், அதைச் சொல்லலாம், ஆனால் இந்த வாயால் சொன்னால் யார் நம்புவார்கள். "வீடியோ போடுங்க" என்றாள் சம்யு, கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. போட்டாள். சின்னத் திரையில் பெண்ணின் முகம் முழுசாக வந்தது, எத்தனையோ நாள் கழித்து நேருக்கு நேர், மூக்கு நுனி சிவந்து. "என்ன சித்தி இது? மூஞ்சியில என்ன?" "தோல் டாக்டர்கிட்ட வந்திருக்கேன்டா." "எதுக்கு?" அதற்கு ஒரு பதில் இருந்தது. உனக்காக என்று அதைச் சொன்னால் அந்தப் பெண் அதையும் தூக்கிக்கொண்டு கல்யாண மேடைக்குப் போவாள். "சும்மாதான். வயசாகுதுல்ல. கல்யாணத்துக்குக் கொஞ்சம் பளிச்சுனு." சம்யு சிரிக்கவில்லை. "துடைங்க" என்றாள். சியாமளா தாளைப் பிய்த்தாள், பக்கத்திலிருந்த டிஷ்யூவை அள்ளி நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் வழித்தாள். "வெளிச்சத்துக்கு வாங்க. புருவத்தைத் தூக்குங்க." தூக்கினாள். தூக்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை, அங்கே எதுவும் இல்லை, ஏவியது போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஆளில்லை. திரையின் மூலையில் தன் முகம் சின்னதாகத் தெரியும், அதைப் பார்க்கவில்லை, பெண்ணின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் இடமும் வலமும் போய்வந்தது, நிதானமாக, நூல் பிடித்து அளக்கிற மாதிரி. "ரெண்டு பக்கமும் வருது" என்றாள் சம்யு. "கோடு எல்லாம் சமமா இருக்கு. பல்லைக் காட்டுங்க." காட்டினாள். "கண்ணை இறுக்கி மூடுங்க. திறங்க." மூடினாள், திறந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்த பிலோமினா சிஸ்டர் அலங்கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். "மேடம், என்ன பண்ணிட்டீங்க, டாக்டர் மெஷினை ஆன் பண்ணிட்டாங்க." சியாமளா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் தூக்கி, இருக்கச் சொன்னாள். "இன்னிக்கு ஒண்ணுமில்ல" என்றது போன், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. இன்றைக்கு மட்டும்தான் ஒன்றுமில்லை, அவ்வளவுக்குத்தான் சொல்ல முடியும், யாராலும். நாளைக்கு நாளைக்கான பயம் வரும், மார்கழியில் வரும், தையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போதும் வரும், அப்போது இந்த நெற்றி அசைந்து காட்ட வேண்டும், மடிப்பு மடிப்பாக, எந்த வரிசையில் உட்காரச் சொன்னாலும் அங்கிருந்து. "நாளைக்கும் போடுங்க சித்தி, வீடியோ." "போடறேன்டா." பேச்சு கொஞ்சம் தெளிந்து வந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இன்னொரு தடவை, புருவத்தை." சியாமளா தூக்கினாள். "இன்னொரு தடவை." தூக்கினாள்.